நின்ற வண்டியில் ஏறும் சூடு

திருவண்ணாமலையில், அடி அண்ணாமலைப் பக்கம் கட்டட வேலைக்குப் பஞ்சமே இல்லை. கிரிவலப் பாதையை ஒட்டி விடுதி, ஆசிரமம், வேலையிலிருந்து ஓய்வுபெற்று மலையடியில் குடியேற வருகிறவர்களின் வீடு என ஏதாவது ஒன்று எழும்பிக்கொண்டே இருக்கிறது. அவற்றுக்கான எம்-சாண்டையும் ஜல்லியையும் சுமந்து டிப்பர் லாரிகள் வந்துபோகின்றன. மே மாத மத்தியானம், வெயில் 40 டிகிரியைத் தொடும் நேரம், லோடோடு வந்த ஒரு டிப்பர் டீக்கடையோரம் ஒதுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் வண்டியை அணைக்கும்போது டெம்பரேச்சர் முள் ஒழுங்காக நடுவில் இருந்தது. ஒரு டீ, ஒரு வடை, போனில் நாலு வார்த்தை. கால் மணி நேரம் கழித்து ஏறிச் சாவியைத் திருப்பினால் முள் முக்கால் தாண்டிச் சிவப்புக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது.

"இன்னாணா இது, ஆஃப்ல இருந்த வண்டிக்கு எப்டிணா ஹீட்டு ஏறும்?" என்பான் கிளீனர்.

"செல்ஃப் அடிச்சா அப்டித்தான்டா ஏறும். ரெண்டு கிலோமீட்டர் போனா எறங்கிடும், சும்மா வா."

டிரைவர் சொன்னதில் பாதி சரி. இரண்டு கிலோமீட்டருக்குள் முள் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் செல்ஃப் அடித்ததற்கும் அந்தச் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. கிளப்பிய நொடியில் என்ஜினுக்குள் புதிதாக எந்தச் சூடும் உண்டாகவில்லை. வண்டி நின்றிருந்த கால் மணி நேரத்தில், யாரும் பார்க்காதபோது, ஏறி முடிந்த சூடு அது. சாவியைத் திருப்பியதும் மீட்டருக்கு உயிர் வந்து நடந்ததைக் காட்டியது, அவ்வளவுதான். வண்டியில் கோளாறு என்று ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விடுவதற்கும், கோளாறே இருக்கும்போது 'வழக்கமா ஏறுறதுதான்' என்று ஓட்டிக்கொண்டே போவதற்கும் இந்த இடத்தில் வரும் குழப்பமே பாதிக் காரணம்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். 160 குதிரைத்திறன் லாரி என்ஜின் முழுப் பலத்தோடு இழுக்கும்போது சக்கரத்தின் பக்கம் அனுப்புவது சுமார் 120 கிலோவாட். அதற்கு அது எரிக்கும் டீசலில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 300 கிலோவாட். மிச்சமுள்ள 180-இல் பெரும்பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடுகிறது. சுமார் 75 கிலோவாட் என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. இந்த 75 எவ்வளவு பெரியது என்றால், என்ஜின் கூட்டுக்குள் 12 லிட்டர் தண்ணீர் அசையாமல் நின்று இந்தச் சூட்டை முழுதாக வாங்கிக்கொண்டால், அது ஒவ்வொரு நொடிக்கும் ஒன்றரை டிகிரி ஏறும். பச்சைத் தண்ணீர் கொதிநிலைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்படி ஆகாமல் காப்பது பம்ப். நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கும் மேல் தள்ளி, சூடான தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பி, ஆறியதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஓடும் வண்டியில் முள் நடுவில் நிற்கிறது என்றால், வருகிற சூடும் போகிற சூடும் நொடிக்கு நொடி சரிக்கட்டிக்கொள்கின்றன என்று பொருள். உள்ளே எல்லாம் ஒரே சூட்டில் இருப்பதாகப் பொருள் இல்லை.

உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கின்றன. மீட்டர் காட்டுவது தண்ணீரின் சூடு; அது 85, 90 டிகிரி. சிலிண்டர் சுவரின் மேல்பகுதி 150-இலிருந்து 200 வரை போகும். பிஸ்டனின் தலை 300 டிகிரியை ஒட்டி இருக்கும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு 600 டிகிரியைத் தொடக்கூடியது. எரியும் வாயு ஒரு கணத்துக்கு 2000 டிகிரியை நெருங்கிவிட்டு அடங்கும். டர்போ இருந்தால் அதன் இரும்புக் கூடு மேடேறும் லாரியில் இருட்டில் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும் அளவுக்குக் காயும். ஆக, 90 டிகிரித் தண்ணீர் ஒரு பக்கம், அதைச் சுற்றி அதைவிட எத்தனையோ மடங்கு காய்ந்த இரும்பு ஒரு பக்கம். நடுவில் ஓட்டம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை.

சாவியைத் திருப்பி அணைத்ததும் எரிவது நிற்கிறது. அதே நொடியில் பம்பும் நிற்கிறது, விசிறியும் நிற்கிறது. லாரியில் இரண்டையும் சுற்றுவது என்ஜின்தான். காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்த பிறகும் முன்பக்கம் ஒரு விசிறி விர்ரென்று சுற்றுவதைப் பலர் கேட்டிருப்பார்கள். அது மின்சார விசிறி, என்ஜினை நம்பியதல்ல. லாரியின் பெரிய விசிறி பெல்ட்டிலோ கிராங்க் ஷாஃப்ட்டிலோ நேராகப் பூட்டப்பட்டது. சூட்டை உண்டாக்குவதும் ஒரே நேரத்தில் நிற்கிறது, சூட்டை வெளியேற்றுவதும் நிற்கிறது. ஏற்கெனவே உண்டாகி இரும்புக்குள் இருக்கும் சூடு மட்டும் எங்கும் போகாமல் இருக்கிறது. அதற்கு இப்போது போக்கிடம் பக்கத்தில் நிற்கும் தண்ணீர்தான்.

கிரிவலம் போகிறவர்களுக்கு இது உடம்பிலேயே தெரிந்த விஷயம். 14 கிலோமீட்டரில் பாதியை வேகமாக நடந்து வந்து அடி அண்ணாமலைக் கோயில் திண்ணையில் உட்கார்ந்தால், நடக்கும்போது வழியாத வேர்வை உட்கார்ந்த பிறகுதான் கொட்டும். தசைக்குள் இருந்த சூடு தோலுக்கு வந்துகொண்டே இருக்கிறது. நடையால் மேலே பட்ட காற்று நின்றுவிட்டது. மெக்கானிக்குகளும் என்ஜின் பொறியாளர்களும் லாரியில் இதை ஹீட் சோக் என்பார்கள்: சூடு ஊறுவது.

எவ்வளவு ஊறும்? கிட்டத்தட்டக் கணக்குப் போடலாம். நீரோட்டத்தை ஒட்டியுள்ள பாகங்களில் 50 கிலோ இரும்பு, தண்ணீரைவிடச் சராசரியாக 100 டிகிரி அதிகச் சூட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ வார்ப்பிரும்பை ஒரு டிகிரி ஏற்ற 0.46 கிலோஜூல் போதும். எனவே அந்த 50 கிலோ தேக்கி வைத்திருக்கும் உபரிச் சூடு 2300 கிலோஜூல். தண்ணீருக்கு ஒரு டிகிரிக்கு ஒரு கிலோவுக்கு 4.18 கிலோஜூல் வேண்டும். 12 லிட்டருக்கு 50. அத்தனை சூடும் தண்ணீருக்கே வந்தால் அது 46 டிகிரி ஏறி, 90-இலிருந்து 136-க்குப் போய் என்ஜினே கொதிகலனாகிவிடும். நல்லவேளையாக அப்படி நடப்பதில்லை. ஓரளவு ஆறியே இருக்கும் மீதி இரும்பு, பிளாக்கும் அதன் அடிப்பகுதியுமாக ஒரு 300 கிலோ, தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் கிடைப்பது சுமார் 11 டிகிரி. 90-இல் அணைத்த வண்டி 101-ஐக் காட்டும். சிலிண்டர் ஹெட்டின் உள்ளே, வால்வுகளுக்கு நடுவிலுள்ள குறுகலான சந்தில், அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 10, 15 டிகிரி ஏறியது என்று டிரைவர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இந்த ஏற்றம் உச்சத்துக்கு வர நேரம் பிடிக்கும். பொதுவாக 10 நிமிடத்திலிருந்து அரை மணி வரை. அதற்குப் பிறகு மெல்ல இறங்கத் தொடங்கும். ஒரு மணி நேரச் சாப்பாட்டுக்கு நிறுத்தியவனுக்கு இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. ராத்திரி முழுக்க நிறுத்தியவனுக்குத் தெரியவே தெரியாது. டீக்கு நிறுத்தியவனுக்குத்தான் உச்சம் காத்திருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஹெட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் அதே கால் மணி நேரத்தில், இரண்டடி தள்ளி ரேடியேட்டருக்குள் நிற்கும் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சூடு வரும் வழி அடைபட்டுவிட்டது. மெல்லிய தகடுகள் வழியாக அது 60 டிகிரிக்கும் கீழே வந்துவிடலாம். ஒரே வண்டியின் ஒரே தண்ணீர், ஒரு முனையில் 100-ஐத் தாண்டுகிறது, மறுமுனையில் கை வைக்கலாம் போல இருக்கிறது. மறுபடி கிளப்பும்போது நடக்கும் கூத்துக்கெல்லாம் காரணம் இந்த வித்தியாசம்.

மீட்டர் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? சூட்டை அளக்கும் சென்சார் பெரும்பாலும், சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வுக்குப் பக்கத்தில், ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் இருக்கும். சூடு ஏறினால் மின்தடை குறையும் ஒரு சின்ன வில்லை அது. மின்சாரம் வந்தால்தான் பேசும். சாவி அணைந்திருக்கும்போது முள் பூஜ்யத்தில் படுத்துவிடும். பழைய டிராக்டர்கள் சிலவற்றில் வேறு மாதிரி மீட்டர் உண்டு: என்ஜினில் ஒரு குமிழ், அதிலிருந்து டாஷ்போர்டுவரை மெல்லிய செப்புக் குழாய், உள்ளே சூட்டில் விரியும் ஆவி. அதற்குச் சாவியும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். அப்படிப்பட்ட வண்டியை அணைத்துவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தால் முள் தானாக மேலே நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அதை ஒருமுறை பார்த்தவர் செல்ஃப் மீது பழி போட மாட்டார். மின்சார மீட்டர் வந்து வசதி கூடியது. இந்த ஒரு காட்சி மட்டும் மறைந்துபோனது.

இனி கிளப்பும் நொடி. சாவி திரும்பியதும் முள் எழுந்து, நிற்கும் தண்ணீரின் சூட்டைக் காட்டும். என்ஜின் பிடித்ததும் முதல் சில நொடிகளில் முள் இன்னும் கொஞ்சம் ஏறும். ஹெட்டின் ஆழமான சந்துகளில் அடைந்து கிடந்த, எல்லாவற்றையும்விடக் காய்ந்த தண்ணீர் இப்போது பம்பால் தள்ளப்பட்டுச் சென்சாரைக் கடந்து போகிறது. டிரைவருக்கு வயிற்றைக் கலக்குவது இந்த இடம்தான். தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுதாகத் திறந்திருக்கிறது. அதனால் ரேடியேட்டரில் ஆறிக் கிடந்த தண்ணீர் கீழிருந்து மொத்தமாக உள்ளே வருகிறது. முள் சட்டென்று விழுகிறது, சில சமயம் வழக்கமான இடத்துக்கும் கீழே. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் தெர்மோஸ்டாட் பாதி மூடுகிறது, முள் மறுபடி ஏறுகிறது. இப்படி ஓரிரு முறை ஆடிவிட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் பழைய இடத்தில் வந்து நிற்கும். சிலிக்கான் எண்ணெயில் இயங்கும் விஸ்கஸ் ஃபேன் உள்ள லாரியில், விசிறி முதல் ஒரு நிமிடம் பேய்க்காற்றுப் போலச் சத்தம் போட்டுவிட்டு அடங்குவதும் இதோடு சேர்த்தி.

அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் செய்யக்கூடாதது ஆக்சிலரேட்டரை மிதிப்பது. 100 டிகிரிக்கு மேல் காய்ந்த வார்ப்பிரும்பு ஹெட்டுக்குள் 60 டிகிரித் தண்ணீர் வேகமாகப் பாய்கிறது. அதே நேரம் லோடு ஏறி எரியும் வாயுவின் சூடும் கூடுகிறது. ஒரு பக்கம் சுருங்கப் பார்க்கிறது, மறுபக்கம் விரியப் பார்க்கிறது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. ஒரே நாளில் உடையாது என்பது உண்மை. வருடக்கணக்கில் தினம் நாலு தடவை இப்படி இழுபட்டால், வால்வுகளுக்கு நடுவே தலைமுடி அளவில் ஒரு விரிசல் விழும். பிறகு ஹெட் கிராக் என்று பில் வரும்போது கடைசியாக ஓட்டியவன்மேல் பழி விழும்.

100-ஐத் தாண்டியும் தண்ணீர் ஏன் கொதிக்கவில்லை என்று கேட்கலாம். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அதற்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கிறது. மேலே 0.9 என்று பொறித்த மூடி, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட 0.9 பார் கூடும்வரை திறக்காது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 119 டிகிரி வேண்டும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி தாங்கும். மலைமேல் போனால் இந்த இருப்பு குறையும். 2240 மீட்டர் உயரத்து ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலை உச்சியில் வண்டியை நிறுத்துகிறவருக்குத் தரையில் நிறுத்துகிறவரைவிடக் கொஞ்சம் குறைவான இடைவெளிதான் இருக்கிறது. மூடியின் ரப்பர் வாஷர் நைந்து போனால் மலையும் வேண்டாம், சமவெளியிலேயே கொதிக்கும். அணைத்த பிறகு என்ஜினுக்குள்ளிருந்து குடுகுடு என்று சத்தம் வந்து, பக்கத்து டப்பாவில் தண்ணீர் ஏறினால், ஹெட்டின் சந்துகளில் எங்கோ நீராவி கட்டத் தொடங்கிவிட்டது. சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் ரேடியேட்டரையே கழற்றிப் பார்க்கிற ஒர்க்‌ஷாப்புகள் உண்டு.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மூடியைத் திறக்கப் போகிற கையைத் தடுக்க வேண்டும். எத்தனை எச்சரிக்கை ஒட்டினாலும் இது நடந்துகொண்டே இருப்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 20 லிட்டர் தண்ணீர் 110 டிகிரியில் அழுத்தத்தோடு இருக்கிறது. மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். தண்ணீர் 100 டிகிரிக்கு வந்தாக வேண்டும். உபரியான அந்த 10 டிகிரிச் சூடு நூற்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவான தண்ணீரை அங்கேயே ஆவியாக்கிவிடும். ஒரு டம்ளரும் கொஞ்சமும்தான், சுமார் 370 மில்லி. ஆனால் அது ஆவியானால் 600 லிட்டருக்கு மேல் விரியும். இத்தனையும் ஒரு கைப்பிடி அகல வாய் வழியாக, மீதித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு, குனிந்து பார்க்கும் முகத்தை நோக்கி வரும். ஈரச் சாக்கை மேலே போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். சாக்கு ஆவியைத் தடுக்காது.

சூட்டோடு நின்ற என்ஜின் பழைய காலத்தில் இத்தனை தொல்லை கொடுத்ததில்லை என்று வயதானவர்கள் சொன்னால் அதிலும் உண்மை உண்டு. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், முதலில் வந்த இரண்டாயிரத்துச் சொச்சம் வண்டிகளைத் தவிர, தண்ணீர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலெழும்பி ரேடியேட்டரின் உச்சிக்குப் போகும், ஆறியது கனத்துக் கீழே இறங்கும். பம்பை நம்பாத ஓட்டம் என்பதால் வண்டியை அணைத்த பிறகும் அது கொஞ்ச நேரம் நடந்துகொண்டே இருக்கும். இன்றைய என்ஜினில் வழிகள் குறுகல், நடுவில் பம்பின் இறக்கை, தெர்மோஸ்டாட் என்று தடைகள் பல. அந்தத் தானோட்டம் பெயருக்குத்தான் இருக்கும்.

தெர்மோஸ்டாட் என்று சொன்னதும் நம் ஊர் வழக்கம் ஒன்றைப் பேசியாக வேண்டும். அது ஒரு மெழுகு அடைத்த வால்வு. செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930களில் உருவாக்கிய யோசனை. 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். வண்டி சூடாகிறது என்று கொண்டுபோனால், 'நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு' என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். கழற்றினால் காலை நேரத்தில் முள் ஏறவே ஏறாது, டிரைவருக்கும் சந்தோஷம். ஆனால் என்ஜின் நாளெல்லாம் குளிர்ந்தே ஓடும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். நின்ற பிறகு ஊறும் சூட்டையோ அது துளியும் தடுக்காது. ஏனென்றால் அந்த நேரத்தில் தெர்மோஸ்டாட் எப்படியும் திறந்துதான் இருக்கிறது; ஓட்டம்தான் இல்லை.

இதே ஊறும் சூடு பெட்ரோல் வண்டியில் வேறு முகம் காட்டும். கோடையில் அம்பாசடர் காரின் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிவிட்டுக் காத்திருக்கும் டிரைவரை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெட்ரோலின் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். வண்டி ஓடும்போது காற்றும் புதிதாக வரும் பெட்ரோலும் பம்பை ஆற்றிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் என்ஜின் சூடு பம்புக்கு ஏறும், உள்ளே ஆவி அடைத்துக்கொள்ளும், பம்ப் வெறும் ஆவியைப் பிசைந்துகொண்டிருக்கும். துணியின் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்த வைத்தியத்தில் குறையொன்றும் இல்லை. இன்றைய கார்களில் பம்ப் டாங்கிக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் துணிக்கு வேலை போய்விட்டது. டீசலோ 180 டிகிரிக்கு மேல்தான் ஆவியாகத் தொடங்கும், எனவே லாரிக்கு இந்த நோய் வராது. ஆனால் ரோட்டரி பம்ப் வைத்த பழைய டீசல் வேன்கள் சில, குளிர்ந்திருந்தால் அரைச் சுற்றில் பிடிக்கும். சூட்டில் நிறுத்தி எடுத்தால் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி தீர்ந்தாலும் பிடிக்காது. சூட்டில் நீர்த்துப்போன டீசல், தேய்ந்த பம்பின் இடுக்கு வழியாக உள்ளேயே கசிந்துவிடுகிறது. நாசிலுக்கு வேண்டிய அழுத்தம் வருவதில்லை. பம்பின் தலையில் தண்ணீர் ஊற்றினால் கிளம்பிவிடும், பம்ப் மாற்ற நாள் நெருங்கிவிட்டது என்பதும் தெரிந்துவிடும்.

லாரிக்கு வருவோம். வேலை செய்ய வேண்டிய நேரம் கிளப்பும்போது அல்ல, அணைப்பதற்கு முன்னால். மேடேறியோ லோடோடு நெடுந்தூரம் ஓடியோ வந்து நிற்கும் வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். ஐடிலில் என்ஜின் உண்டாக்கும் சூடு சொற்பம். பம்பும் விசிறியும் சுற்றிக்கொண்டிருப்பதால் அந்த 50 கிலோ இரும்பில் தேங்கிய சூடு ரேடியேட்டர் வழியாக வெளியே போய்விடும். டர்போவுக்கு இது இன்னும் முக்கியம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுச் சுற்றும் தண்டு, எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. சட்டென்று அணைத்தால் எண்ணெய் வரத்து நிற்கும், 500 டிகிரிக்கு மேல் காய்ந்த கூட்டின் சூடு தண்டுக்கு இறங்கும், நின்ற எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். டீசல் வீணாகிறதே என்று முதலாளி கேட்டால் சொல்ல ஒரு கணக்கு: ஐடிலில் மணிக்கு இரண்டு லிட்டர் என்றாலும் மூன்று நிமிடத்துக்கு 100 மில்லி, ஏறக்குறைய 10 ரூபாய். டர்போ மாற்றும் செலவு ஆயிரங்களில் தொடங்கும். இதையே சாக்காக வைத்து அரை மணி நேரம் உறுமவிட்டுத் தூங்குவதும் நடக்கிறது, அது வீண்தான்.

ஒரு விதிவிலக்கு. தண்ணீர் கொட்டிப்போயிருந்தால், பெல்ட் அறுந்திருந்தால், ஐடிலில் விடுவது ஆபத்து. சுற்ற வைக்கத் தண்ணீரே இல்லாதபோது பம்ப் சுற்றி என்ன பயன்? உடனே அணைக்க வேண்டியதுதான், பிறகு அரை மணிக்குக் குறையாமல் காத்திருந்து, என்ஜின் தொடும் சூட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும்.

எந்த ஏற்றம் இயல்பு, எது நோய் என்பதைப் பிரித்தறிவது கடினமில்லை. கிளப்பியதும் மேலே இருந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் விழுந்தால் ஊறிய சூடு. விழாமல் அங்கேயே நின்றாலோ மேலும் ஏறினாலோ வண்டிக்குள் வேறு ஏதோ இருக்கிறது. நேற்றுவரை ஐந்து கோடு ஏறியது இன்று எட்டுக் கோடு ஏறினாலும் அப்படித்தான். திருவண்ணாமலை மாவட்டத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ரேடியேட்டரின் முகத்தை. ஆரணி, களம்பூர்ப் பக்கம் அரிசி ஆலைகளுக்கு ஓடும் லாரியின் ரேடியேட்டரை டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகளின் இடுக்கில் உமியும் தவிட்டுத் தூசும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடைபோல ஒட்டியிருக்கும். எம்-சாண்டு டிப்பரில் அதே இடத்தில் சாம்பல் நிறக் கல்மாவு, மழையில் நனைந்து காய்ந்து சிமென்ட் போல இறுகியிருக்கும். ஓடும்போது எதிர்க்காற்றின் வேகத்தில் சமாளித்துவிடும் ரேடியேட்டர், நின்று கிளம்பும் வேளையில்தான் தன் இயலாமையைக் காட்டும். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றோ தண்ணீரோ மெதுவாக அடித்துக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து வேகமாகப் பீய்ச்சினால் தூசு இன்னும் உள்ளே போகும், தகடும் மடங்கும்.

ஆகாயத்திலும் இதே கதை உண்டு. ஜெட் என்ஜினை அணைத்ததும் உள்ளிருக்கும் சூடான காற்று மேலே தங்குகிறது. தண்டின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிடச் சூடாகி, நீண்ட தண்டு மயிரிழை அளவு வில்லாக வளைகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் மறுபடி கிளப்பினால் இறக்கை நுனிகள் கூட்டில் உரசும். ஏ320 நியோ விமானங்களில் வந்த பிராட் அண்ட் விட்னி என்ஜினுக்கு 2016 வாக்கில் இது பெரிய தலைவலி. இண்டிகோ அந்த ஆண்டு வாங்கத் தொடங்கிய நியோக்களிலும் அதே என்ஜின்தான். எரியூட்டும் முன் தண்டை மெதுவாகச் சுற்றவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துவதற்காக, கிளப்புவதற்கே சில நிமிடங்கள் பிடித்தன. பயணிகள் தாமதம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ். 6 கட்டாயமான பிறகு லாரியின் அடிவயிற்றில் சூடான பாகங்கள் கூடிவிட்டன. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, அவ்வப்போது அந்தக் கரியைத் தானே எரித்துக்கொள்ள 600 டிகிரிக்குப் போகிறது; நடுவில் வண்டியை அணைத்தால் அத்தனை சூடும் அங்கேயே நிற்கும். யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கும் நாசில் பல வண்டிகளில் என்ஜின் தண்ணீராலேயே குளிர்விக்கப்படுகிறது. ஓட்டம் நின்றால் அதன் வாயில் வெள்ளையாக உப்புக் கட்டும். அதனால் சாவியை எடுத்த பிறகும் ஓரிரு நிமிடம் யூரியாப் பம்ப் ஓடிக் குழாயைக் காலி செய்கிறது. இறங்கும்போதே பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பி அணைத்துப் பழகிய டிரைவர்கள் இதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது ஒர்க்‌ஷாப்புகளில் புதிதாகக் கேட்கும் புகார். முள் அளவுக்கு மேல் ஏறினால் கம்ப்யூட்டரே பலத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு. டீ குடித்துவிட்டு வந்து உடனே மேடேறப் பார்த்தால் வண்டி இழுக்க மறுக்கிறது என்கிறார்கள். ஊறிய சூடு வடிவதற்குள் அவசரப்பட்டால் அப்படித்தான் ஆகும்.

என்ஜினை நம்பாத மின்சாரப் பம்பும் விசிறியும் வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். காரில் அது தீர்வுதான். லாரியின் பெரிய விசிறியோ முழு வேகத்தில் பத்து, இருபது குதிரைத்திறனை விழுங்கும். 24 வோல்ட் பேட்டரி அதைத் தாங்காது. சென்னையில் 2025-இல் ஓடத் தொடங்கிய மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகள் போன்ற வண்டிகளில் இந்தத் தடை இல்லை. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தண்ணீர் தள்ளும் பம்ப் தனி மின்மோட்டாரில் ஓடுகிறது. டிரைவர் இறங்கிப் போன பிறகும், சார்ஜ் ஏறும்போதும், வேண்டிய மட்டும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.